நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி: எது, எதற்கு?

புதிய மூக்குக்கண்ணாடி வாங்க அம்மாவுடன் கடைத்தொகுதிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண் பரிசோதனை முடிந்தது. சட்டகத்தையும் தேர்ந்தெடுத்தாயிற்று. பணம் கட்டப்போகும் நேரத்தில் விற்பனையாளர் கேட்கிறார்: "தம்பி தினமும் எவ்வளவு நேரம் மடிக்கணினி பார்ப்பார்? நீல ஒளியை வடிகட்டும் வில்லை போட்டுக்கொள்ளலாமே. கூடுதலாக 60 வெள்ளிதான். கண்ணுக்குப் பாதுகாப்பு."

சொல்லிக்கொண்டே பேனா போன்ற ஒரு சிறு விளக்கை எடுக்கிறார். சாதாரண வில்லையின் வழியாக அதன் ஒளியைப் பாய்ச்சுகிறார். பின்னாலிருக்கும் அட்டையில் ஊதாநிறப் புள்ளி பளிச்சென்று விழுகிறது. அடுத்து, 'வடிகட்டும்' வில்லையின் வழியாகப் பாய்ச்சுகிறார். புள்ளி காணாமல் போய்விடுகிறது! அம்மா உங்களைப் பார்க்கிறார். கண் விஷயமாயிற்றே, பணத்தைக் கட்டிவிடலாமா?

அந்தப் பேனா விளக்கு காட்டியது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. எஞ்சிய உண்மையைத் தெரிந்துகொள்ள உங்கள் அறிவியல் பாடத்தில் படித்த ஒளியும் நிறமும் பற்றிய செய்திகளே போதும்.

திரையில் நீலம் எங்கிருந்து வருகிறது?

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 380 நானோமீட்டரிலிருந்து 750 நானோமீட்டர்வரை இருக்கும். சிவப்பின் அலைநீளம் அதிகம். ஊதாவுக்கும் நீலத்துக்கும் குறைவு. 400 முதல் 500 நானோமீட்டர்வரை உள்ள பகுதியைத்தான் பொதுவாக 'நீல ஒளி' என்கிறார்கள். அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகளின் ஆற்றல் கூடும். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஆற்றல் மிகுந்தது இந்தப் பகுதிதான்.

பல திரைகளில் வெள்ளை ஒளி எப்படி உருவாகிறது தெரியுமா? பெரும்பாலான வெள்ளை எல்இடி விளக்குகளுக்குள் இருப்பது உண்மையில் ஒரு நீல விளக்கு. அதன் ஒளி 450 நானோமீட்டரை ஒட்டியது. அதன்மேல் பூசப்பட்டிருக்கும் ஒளிர்பொருள், நீல ஒளியில் ஒரு பகுதியை உட்கவர்ந்து மஞ்சளாக மாற்றி உமிழ்கிறது. மீதமுள்ள நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகின்றன. நீல எல்இடியை உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

திரையில் நீல ஒளி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது எவ்வளவு என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அச்சம் தொடங்கிய இடம்

1976ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஹாமும் அவருடைய குழுவினரும் குரங்குகளின் விழித்திரையில் வெவ்வேறு அலைநீள ஒளியைப் பாய்ச்சிச் சோதித்தனர். மற்ற நிறங்களைவிட நீல ஒளி குறைந்த அளவிலேயே விழித்திரையைப் பாதிப்பதைக் கண்டனர். சூரியனை நேராக வெறித்துப் பார்ப்பவர்களின் விழித்திரை பாதிக்கப்படுவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

ஆனால் அந்தச் சோதனையில் பயன்பட்டது மிகத் தீவிரமான ஒளி. திரையிலிருந்து வரும் ஒளி அப்படிப்பட்டதன்று. பகல் வெளிச்சத்திலிருந்து கண்ணுக்குக் கிடைக்கும் நீல ஒளியோடு ஒப்பிட்டால், கணினித் திரை தருவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். பள்ளித் திடலில் பந்து விளையாடும்போது உங்கள் கண்ணுக்குள் போகும் நீல ஒளியின் முன் திறன்பேசியின் ஒளி ஒன்றுமே இல்லை.

இன்னொரு செய்தி. இயற்கையே உங்கள் கண்ணுக்குள் ஒரு மஞ்சள் வடிகட்டியை வைத்திருக்கிறது. விழித்திரையின் மையத்தில் உள்ள 'மஞ்சள் புள்ளி'யில் லூட்டின், ஸியாஸாந்தின் என்ற நிறமிகள் உள்ளன. அவை நீல ஒளியில் ஒரு பகுதியை உட்கவர்ந்துகொள்கின்றன. இந்த நிறமிகளை நம் உடல் தானாகத் தயாரிப்பதில்லை. கீரை, சோளம், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றிலிருந்துதான் பெறுகிறது. தட்டில் கீரையை ஒதுக்கி வைப்பவர்கள் கவனிக்கவும்!

பேனா விளக்கின் ரகசியம்

இப்போது மீண்டும் கடைக்கு வருவோம். விற்பனையாளர் பயன்படுத்துவது போன்ற பேனா விளக்குகள் பெரும்பாலும் 405 நானோமீட்டர் ஒளியை உமிழ்பவை. அது ஊதா ஒளி. புற ஊதாக் கதிரின் வாசலிலேயே நிற்கும் ஒளி. திரையின் நீலமோ 450 நானோமீட்டரை ஒட்டியது. 405இல் திரையிலிருந்து வரும் ஒளி மிக மிகக் குறைவு.

ஒரு வில்லை 410 நானோமீட்டருக்குக் கீழ் உள்ள அனைத்தையும் தடுத்து, அதற்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடலாம். அத்தகைய வில்லை பேனா விளக்குச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். ஆனால் திரையின் நீலத்தைப் பெரிதாகக் குறைக்காது. வேதியியல் படித்தவரை இயற்பியல் தேர்வில் உட்கார வைத்து மதிப்பெண் போட்டால் எப்படியிருக்கும்? இந்தச் சோதனையும் அதுபோலத்தான்.

(எச்சரிக்கை: இவை லேசர் விளக்குகள். யாருடைய கண்ணையும் நோக்கி அடிக்கக்கூடாது. வாங்கி விளையாடவும் வேண்டாம்.)

நிறம் பொய் சொல்லாது

ஒரு வில்லை எவ்வளவு நீலத்தைத் தடுக்கிறது என்பதை அதன் நிறமே சொல்லிவிடும். வெள்ளை ஒளியிலிருந்து நீலத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது சிவப்பும் பச்சையும். அவை சேர்ந்தால் மஞ்சள். ஆகவே நீலத்தை உண்மையிலேயே தடுக்கும் எந்த வில்லையும் மஞ்சளாகவோ, ஆரஞ்சாகவோ, பழுப்பாகவோதான் தெரிய வேண்டும்.

இதை வைத்து வில்லைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கிட்டத்தட்ட நிறமே இல்லாதது. கடைகளில் அதிகம் விற்கப்படுவது இதுதான். சாய்த்துப் பார்த்தால் மேற்பரப்பில் நீலமோ ஊதாவோ மினுங்கும். அதன் பூச்சு, சிறிதளவு நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் மினுக்கம் அது. இத்தகைய வில்லைகள் பொதுவாக 10 முதல் 25 விழுக்காட்டு நீல ஒளியைத்தான் குறைக்கின்றன.

இரண்டாம் வகை, வெளிர் மஞ்சள். முதல் வகையைவிடச் சற்று அதிகமாகத் தடுக்கும்.

மூன்றாம் வகை, தேன் நிறம் அல்லது அடர் ஆரஞ்சு. இதுவே நீல ஒளியின் பெரும்பகுதியை நிறுத்துகிறது. இதை அணிந்தால் உலகமே மாலை வெயிலில் நனைந்தது போலத் தோன்றும். நீலச் சட்டை கறுப்பாகத் தெரியும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வகை வில்லை அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கு நீலத்தைக் குறைக்கிறது. உங்கள் திரையின் ஒளிர்வைப் பாதியாகக் குறைத்தால், நீல ஒளியும் பாதியாகக் குறைந்துவிடும். செலவு? ஒரு காசும் இல்லை.

17 ஆய்வுகள் சொன்ன பதில்

"அளவு குறைவாக இருக்கட்டும், கண் களைப்பாவது குறையாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதைத்தான் காக்ரேன் என்ற அனைத்துலக அமைப்பின் ஆய்வுத்தொகுப்பு ஆராய்ந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வழிநடத்திய அந்தத் தொகுப்பு 2023 ஆகஸ்டில் வெளியானது.

ஆறு நாடுகளில் நடந்த 17 ஆய்வுகளை அவர்கள் ஒன்றுதிரட்டினர். மொத்தம் 619 பேர் அவற்றில் பங்கேற்றிருந்தனர். யாருக்கு எந்தக் கண்ணாடி என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஒரு பிரிவினர் நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடியும் மற்றவர்கள் சாதாரணக் கண்ணாடியும் அணிந்தனர்.

முடிவு என்ன? கணினியைப் பார்ப்பதால் வரும் கண் களைப்பைக் குறைப்பதில், குறுகிய காலத்தில், வடிகட்டும் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை. பார்வைக் கூர்மையிலும் வேறுபாடு இல்லை. தூக்கம் மேம்படுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. இந்த ஆய்வுகளில் மிக நீண்டதே ஐந்து வாரம்தான் நடந்தது என்பதையும் நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமும் கணினிக்கென்று இத்தகைய சிறப்புக் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை.

அப்படியானால் கண் ஏன் வலிக்கிறது?

கண் களைப்பு கற்பனை இல்லை. அதற்கான காரணம்தான் வேறு.

நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முறை கண் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது ஐந்து முதல் ஏழு முறையாகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை சிமிட்டும்போதும் கண்ணின் மேல் மெல்லிய கண்ணீர்ப் படலம் பரவும். சிமிட்டாவிட்டால் அந்தப் படலம் காய்ந்துவிடும். குளிரூட்டப்பட்ட அறையில் இன்னும் வேகமாகக் காயும். எரிச்சல், மங்கல், உறுத்தல் எல்லாம் அதனால்தான்.

இரண்டாவது காரணம், கண் தசை. அருகில் உள்ளதைப் பார்க்கும்போது கண்வில்லையைத் தடிமனாக்க ஒரு தசை இறுகுகிறது. மூன்று மணி நேரம் திரையை 20 செண்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் அந்தத் தசை மூன்று மணி நேரமும் இறுகியே இருக்கும். ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் ஒருமுறை ஆறு மீட்டருக்கு அப்பால் உள்ள பொருளை 20 விநாடி பார்க்கச் சொல்வது இந்தத் தசைக்கு ஓய்வு கொடுக்கத்தான். எதிர்ப் புளோக்கின் கூரையைப் பார்த்தாலே போதும்.

மூன்றாவது காரணத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. உங்கள் கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியை முடிப்பதற்குள் பாதிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. பதின்ம வயதிலும் அது தொடர்ந்து கூடும். தலைவலி வருகிறது என்று நீல ஒளித் தடுப்புப் பூச்சு போட்டுக்கொண்டு, பவர் சரியில்லாத கண்ணாடியோடு இன்னோர் ஆண்டைக் கடத்தினால் இழப்பு 60 வெள்ளி மட்டும் இல்லை. கிட்டப்பார்வை மிக அதிகமானால் பிற்காலத்தில் விழித்திரை பிரிதல், கண் அழுத்த நோய் போன்றவை வரும் வாய்ப்பும் கூடுகிறது. 'பாதுகாப்பு இருக்கிறது' என்ற பொய்யான நிம்மதிதான் இதில் உண்மையான ஆபத்து.

கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட உதவுவது எது என்று தெரியுமா? வெளிப்புற வெளிச்சம்! நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கும்படி வல்லுநர்கள் சொல்கிறார்கள். வகுப்பறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியில் மர நிழலில்கூட அது பல ஆயிரம் லக்ஸ். தைவானில் 2010ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணவர்களைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க வைக்கும் திட்டம் நடந்தது. பல ஆண்டுகளாக மோசமாகிக்கொண்டிருந்த மாணவர்களின் பார்வை அதன்பின் மேம்படத் தொடங்கியது. திரையின் துளியளவு நீலத்துக்கு அஞ்சுகிறோம். நீலம் நிறைந்த பகல் வெளிச்சமோ நம் கண்ணைக் காக்கிறது.

இரவில் மட்டும் கதை வேறு

நீல ஒளியைப் பற்றிக் கவலைப்பட ஒரு நேரம் உண்டு. அது தூங்கப்போகும் முன் உள்ள சில மணி நேரம்.

விழித்திரையில் கூம்புகளும் கோல்களும் இருப்பதைப் படித்திருப்பீர்கள். அவற்றைத் தவிர மூன்றாவது வகை ஒளி உணர் செல்களும் உண்டு என்பது 2002ஆம் ஆண்டு உறுதியானது. அவற்றில் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அது மிகுதியாகத் துலங்கும். இந்தச் செல்களின் முக்கிய வேலை உருவங்களைக் காட்டுவதன்று. "இப்போது பகல்" என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது. செய்தி போனால், தூக்கத்துக்கு நம்மைத் தயார்படுத்தும் மெலட்டோனின் சுரப்பு குறைந்துவிடும்.

2014ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 12 பேர், படுக்கப்போகும் முன் நான்கு மணி நேரம், சில நாள்கள் மின்னூலையும் சில நாள்கள் அச்சுப் புத்தகத்தையும் படித்தனர். ஒளிரும் திரையில் படித்த நாள்களில் அவர்களின் மெலட்டோனின் சுரப்பு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. தூங்குவதற்குச் சராசரியாகப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது.

உங்கள் வயதினரையே வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 15 முதல் 17 வயதுள்ள 13 மாணவர்கள் மாலையில் எல்இடி திரைமுன் அமர்ந்தபோது ஆரஞ்சு நிறக் கண்ணாடி அணிந்தனர். நிறமற்ற கண்ணாடி அணிந்த வேளையோடு ஒப்பிட, அவர்களின் மெலட்டோனின் அவ்வளவாகக் குறையவில்லை. படுக்கைக்கு முன் தூக்கக் கலக்கமும் அதிகம் இருந்தது. ஆனால் தூங்கிய பிறகு தூக்கத்தின் தன்மையில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. 2015இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். என்றாலும், வேலை செய்தது ஆரஞ்சுக் கண்ணாடி, நிறமற்றது அன்று என்பதைக் கவனியுங்கள்.

கண்ணாடி மட்டும் போதாது. இரவு 11 மணிக்கு நண்பர்கள் குழுவில் நடக்கும் வாக்குவாதமோ, இன்னும் ஓர் ஆட்டம் என்று இழுக்கும் விளையாட்டோ எந்த வில்லையாலும் வடிகட்டப்படாது.

எந்தத் தேவைக்கு எந்த வில்லை?

பகலில் வீட்டுப்பாடம், கற்றல் சாதனம்: நிறமுள்ள வில்லை தேவையில்லை. சரியான பவர், போதுமான தூரம், அடிக்கடி கண் சிமிட்டுதல் ஆகியவையே போதும்.

இரவு தூக்கம்: முதலில் திரையின் ஒளிர்வைக் குறையுங்கள், அறை விளக்கையும் மங்கலாக்குங்கள். தேர்வுக் காலத்தில் திரையைத் தவிர்க்கவே முடியாது என்றால், தேன் நிற அல்லது ஆரஞ்சுக் கண்ணாடியை, படுக்கும் முன் இரண்டு மூன்று மணி நேரம் அணிந்து பார்க்கலாம். காலையில் அதை அணிய வேண்டாம். உடல் கடிகாரம் விழித்துக்கொள்ள அப்போது நீல ஒளி தேவை. வேதியியல் செய்முறையிலும் வேண்டவே வேண்டாம். லிட்மஸ் தாள் நீலமா சிவப்பா என்று தெரியாமல் விழிப்பீர்கள்!

வெயில்: இங்கே முக்கியம் நீலத் தடுப்பு இல்லை, புற ஊதாத் தடுப்பு. 'யுவி400' என்ற குறிப்பைத் தேடுங்கள். ஒளியை உள்ளே விடும் அளவைக் கொண்டு வெயில் கண்ணாடிகள் 0 முதல் 4 வரை வகைப்படுத்தப்படுகின்றன. வகை 3, 8 முதல் 18 விழுக்காட்டு ஒளியையே உள்ளே விடும். நம்மூர் வெயிலுக்கு அது பொருந்தும். நிறம் அடர்த்தியாக இருப்பதால் மட்டும் புற ஊதா தடுக்கப்பட்டுவிடாது. தடுப்பில்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரிந்து கூடுதல் கதிர்களை உள்ளே விடக்கூடும்.

இரவில் கார் ஓட்டும் பெற்றோர்: 'இரவுப் பயணத்துக்கு' என்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடியை வாங்கித் தரவேண்டாம். 2019இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், எதிரே விளக்கொளி அடிக்கும்போது பாதசாரிகளைக் கண்டுகொள்ள அது உதவவில்லை.

ஒற்றைத் தலைவலி, வெளிச்சத்தைத் தாங்க முடியாமை: இதற்கு 'எஃப்எல்-41' என்ற இளஞ்சிவப்புச் சாயல் வில்லை உண்டு. நீலமும் பச்சையும் சந்திக்கும் பகுதியை அது குறைக்கிறது. 1991இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், அதை அணிந்த சிறுவர்களுக்குத் தலைவலி வந்த எண்ணிக்கை குறைந்தது. ஆனால் இது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

செய்து பார்ப்போம்

வீட்டில் 'நீல ஒளித் தடுப்பு' கண்ணாடி இருக்கிறதா? சோதித்துவிடலாம்.

1. கணினியில் வரைபடச் செயலியைத் திறந்து, சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255 என்று அமைத்துத் திரையை முழு நீலமாக்குங்கள். வில்லையைக் கண்ணுக்கு முன் பிடித்துப் பாருங்கள். நீலம் அப்படியே பளிச்சென்று தெரிந்தால் வில்லை அதிகம் தடுக்கவில்லை. கறுத்துப்போனால் நன்றாகத் தடுக்கிறது.

2. பழைய குறுவட்டு ஒன்றை எடுங்கள். அறையை இருட்டாக்கி, திறன்பேசி விளக்கின் ஒளியை அதன்மேல் சாய்வாக விழச் செய்யுங்கள். வானவில் நிறங்கள் பிரிந்து தெரியும். இப்போது வில்லையின் வழியாகப் பாருங்கள். எந்த நிறம் மங்குகிறது, எந்த நிறம் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். (சூரிய ஒளியைக் கொண்டு இதைச் செய்யாதீர்கள்.)

3. வில்லையை வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். தாள் வெள்ளையாகவே தெரிகிறதா, மஞ்சளாகத் தெரிகிறதா?

மூன்று முடிவுகளையும் ஒப்பிடுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களின் கண்ணாடிகளையும் சோதித்து அட்டவணை போட்டால் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு செய்திட்டமே தயார்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி

அடுத்த முறை விற்பனையாளர் பேனா விளக்கை எடுக்கும்போது பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "450 நானோமீட்டரில் இந்த வில்லை எத்தனை விழுக்காட்டு ஒளியைத் தடுக்கும்?" வில்லை தயாரிப்பாளர்களிடம் அதற்கான வரைபடம் இருக்கும். பதில் கிடைத்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். கிடைக்காவிட்டாலும் முடிவு செய்வது எளிதுதான்.

பிறகு அம்மாவிடம் சொல்லுங்கள்: அந்த 60 வெள்ளி பையிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டும் தவறாமல் கண் பரிசோதனைக்கு வருவோம். இன்று வீடு திரும்பும்போது, மாலை வெளிச்சம் இருக்கும்போதே, இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்தே போகலாம்.